தெற்குக் கதவு

எங்கள் வீட்டில் இடது வலது என்பது கையோடு முடிந்துவிடும். சாப்பிடுகிற கை ஒன்று, மற்றது ஒன்று. அதைத் தாண்டி அந்தச் சொற்களை நாங்கள் எங்கும் கொண்டுபோக மாட்டோம். பாயை மேற்கே இழு என்போம். முதுகில் வடக்குப் பக்கம் அரிக்கிறது, சொறிந்து விடு என்போம். அம்மா எனக்குத் தலை பின்னும்போது, "கிழக்குப் பின்னல் தளர்ந்து போச்சு, திரும்பு" என்பாள். நான் திரும்பியதும் அதுவே மேற்குப் பின்னலாகிவிடும். அதில் எங்களுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் வந்தது. மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்து "லெஃப்ட் டர்ன்" என்பார்கள். எல்லாப் பெண்களும் ஒரு பக்கம் திரும்ப, நான் மட்டும் பக்கத்தில் நிற்பவளின் முகத்துக்கு நேராக நிற்பேன். நேற்று லெஃப்ட் என்றபோது மரத்தைப் பார்த்துத் திரும்பினோம். இன்றைக்கு ஏன் மரத்தைப் பார்க்கக் கூடாது? கேட்க எனக்கு வாய் வராது. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒன்பதாம் வகுப்பில் அப்பாவின் முட்டி மோசமானது. அவருக்குக் கையாள் தேவைப்பட்டது. எனக்கு அந்த மைதானத்துக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

அப்பாவுக்குத் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. வாழ்நாள் முழுக்க முட்டி போட்டே நகர்ந்ததில் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. எழுந்து நிற்கும்போது உள்ளே மணல் அரைபடுவது எனக்கே கேட்கும். அப்படிப்பட்ட ஆளைப் புதிதாக யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். மாடி மாடியாகக் கட்டிக்கொண்டே போகிற அந்த ஒரு கம்பெனியில் மட்டும், பழைய பழக்கத்துக்காக வைத்திருந்தார்கள்.

அங்கே எல்லாருக்கும் அப்பாவின் பெயர் காம்பஸ்.

"காம்பஸ் அண்ணே, என் தலை எந்தத் திசையில இருக்கு?" என்பார்கள்.

"தலையா? இருந்தாத்தானே சொல்றதுக்கு" என்பார் அப்பா. முதலில் சிரிப்பது அவராகத்தான் இருக்கும்.

ஆனால் போன மாதம் நடந்தது சிரிப்பதற்கில்லை. ஒரு வீட்டில் வாசலுக்கு இடது பக்கச் சுவரை ஒட்டிப் பூப்போட்ட வரிசை வரவேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அது மேற்குச் சுவர். அப்பா ஒட்டினார். எதிர்வீட்டிலும் அதே மாதிரி என்றார்கள். அங்கேயும் மேற்குச் சுவரில் ஒட்டினார். எதிர்வீட்டுக்குள் நுழைந்தால் அது வலது பக்கச் சுவர். சூப்பர்வைசருக்கு அவை இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வீடு. அப்பாவுக்கோ ஒன்றுக்கொன்று முகம் பார்த்து நிற்கும் இரண்டு வேறு வேறு வீடுகள்.

ஒட்டியதை உடைத்து எடுத்தார்கள். சூப்பர்வைசர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே, எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவை இந்தக் கிழக்கு மேக்குக் கதை வந்துச்சு, அப்படியே கிழக்கால நடந்து வீட்டுக்குப் போயிடுங்க. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"எங்க வீடு தெக்கால சார்" என்றார் அப்பா. அவர் நக்கலாகச் சொல்லவில்லை. சிரித்தவர்களுக்கு அது தெரியாது.

அதற்குப் பிறகு அவர் அங்கே வாயைத் திறக்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பேன்.

அன்று பதினோராம் மாடியில் ஒரு நீளமான கூடம். ஜன்னல் கிடையாது. சுற்றிலும் அறைகள் வந்து அதை நடுவில் அமுக்கி வைத்திருந்தன. வடக்கே ஒரு கதவு, தெற்கே ஒரு கதவு. அவ்வளவுதான் வெளியே போக வழி. ஒரு பல்பு எரிந்தது. வீட்டுக்காரம்மா தானே தேடிப்பிடித்து வாங்கிய பெரிய பெரிய டைல்ஸ், ஒவ்வொன்றும் என் மார்பு உயரம். அவர் சாயங்காலம் பார்க்க வருவதாக இருந்தது.

சூப்பர்வைசர் மதியம் வந்தார். மேற்கே பார்த்து நின்றார். அவருக்கு எதிரே அப்பா கிழக்கே பார்த்து நின்றார். நான் வாளியில் பசை கலக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கதவுகள்ல ஒண்ணை வெளிய பூட்டிடறேன். இல்லேன்னா பசங்க குறுக்க புகுந்து சாமான் இழுத்துட்டுப் போவாங்க. நீங்க வேலையை முடிச்சிட்டு வலது பக்கக் கதவு வழியா வந்துடுங்க."

அப்பா சற்று யோசித்தார். அவருடைய சாப்பிடுகிற கை ஒரு கணம் அசைந்ததைப் பார்த்தேன். "தெற்குக் கதவுதானே சார்?"

"ஆமாண்ணே, ஏதோ உங்க தெற்கு" என்று சிரித்துக்கொண்டே, போன் அடிக்க, அவர் போய்விட்டார்.

சூப்பர்வைசருக்குத் தெற்கு எது என்று தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இத்தனை பெரிய மனிதருக்கு, ஒரு கட்டடத்தையே கட்டுகிறவருக்கு, தான் நிற்கிற இடத்தில் தெற்கு எது என்று தெரியாமல் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

வடக்குக் கதவருகே எங்கள் சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டியிருந்தோம். அப்பாவின் போன் அதற்குள் இருந்தது. முடிந்ததும் வெளியே சுற்றி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். முட்டிக்குப் போடும் பலகைகளையும் வடக்குக் கதவுக்கு வெளியே வராந்தாவில் வைத்தாயிற்று. வடக்குச் சுவரிலிருந்து ஆரம்பித்தோம். நூல் கட்டி, பசை தடவி, கல்லை இறக்கி, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடுத்தது. வரிசை வரிசையாகத் தெற்கே நகர்ந்தோம். மேல்மாடியில் யாரோ சுவரைக் குடைந்துகொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. அப்பா கையை நீட்டினால் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கடைசிக் கல்லைத் தட்டி முடித்ததும், தெற்கு வாசலில் சுவரின் அகலத்துக்கு ஏற்கனவே பதித்திருந்த வாசற்கல்லின் மேல் ஏறி நின்றோம். இரண்டு பேர் ஒட்டி நிற்கிற இடம். பின்னால் கதவு. முன்னால் கூடம் முழுக்கத் தண்ணீர் நிறுத்திய மாதிரி ஈரத் தரை.

"எப்படி?" என்றார் அப்பா.

"கண்ணாடி மாதிரி இருக்குப்பா."

அவர் கைப்பிடியைத் திருப்பினார். கதவு அசையவில்லை. தோளால் ஒரு முட்டு. மறுபடி திருப்பினார்.

"பூட்டியிருக்கு பாப்பா."

"நல்லா இழுப்பா."

"இழுக்கறதா தள்றதான்னு எனக்குத் தெரியாதா? பூட்டியிருக்குங்கறேன்."

தட்டினோம். பசை பூசும் கரணையின் பிடியால் இடித்தோம். மேலே குடைகிற சத்தம் எங்கள் சத்தத்தை அப்படியே விழுங்கியது. கூடத்தின் அந்தக் கோடியில் வடக்குக் கதவு, நீலப் பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால், பூட்டாமல், சும்மா சாத்திக் கிடந்தது. நடுவில் நாங்களே போட்ட தரை. மறுநாள் வரை யாரும் மிதிக்கக் கூடாத தரை.

"அவரு வலதுன்னாரு. என் வலது தெற்கு. கேட்டுக்கவும் செஞ்சேன். ஆமான்னாரு. நீயும் கேட்ட இல்ல?"

"கேட்டேம்ப்பா. ஆனா அவரு தன் கையை வெச்சுச் சொல்லியிருக்காரு. அவரு உனக்கு எதிர்ல நின்னாரு. அவருக்கு வலது வடக்கு."

"கதவுக்கு ஏது கை?"

"கதவுக்கு இல்ல. நிக்கறவங்களுக்கு."

"சரி. அப்ப நானும் அவரை மாதிரி திரும்பி நின்னா?"

"உனக்கும் வடக்குக் கதவுதான் வலது."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் திரும்பினதுக்குக் கதவு ஏண்டி மாறணும்?"

"கதவு மாறாதுப்பா. பேருதான் மாறும்."

"நாலு பேரு நாலு பக்கம் பாத்து நின்னா, ஒரே கதவுக்கு நாலு பேரா? அப்புறம் எவன் எந்தப் பக்கம் போய்ச் சேருவான்?"

"எல்லாரும் போய்க்கிட்டுத்தான் இருக்காங்க. நாமதான் மாட்டிக்கிட்டோம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்தால் கால் வழுக்கி ஈரத்தில் விழுந்துவிடுவோமோ என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அப்போதுதான் அந்தக் கோடியில் பைக்குள் போன் அடித்தது. அம்மாவாக இருக்கும். பையின் துணி வழியாக வெளிச்சம் மினுக்கியது. அடித்து அடித்து ஓய்ந்தது. சிரிப்பும் போய்விட்டது.

எனக்கு இன்னொரு கஷ்டம் இருந்தது. மதியம் நிறையத் தண்ணீர் குடித்திருந்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? கால்களைப் பின்னிக்கொண்டு நின்றேன். பல்பையே பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. காலி வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். நான் செத்தாலும் மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

"நீ லேசா இருக்க. கிழக்குச் செவுரு ஓரமா, கல்லோட நடுவுல காலை வெச்சு ஓடிடு. பலகையை எடுத்துட்டு வந்து போடு" என்றார்.

செருப்பைக் கழற்றினேன். முதல் கல்லின் நடுவில் கட்டைவிரலை ஊன்றினேன். பாதத்தின் மேல் எடையைப் போட்டதும் கல் மூச்சு விடுவது போல ஒரு பக்கம் இறங்கியது. மூலையில் பசை பிதுங்கிக்கொண்டு வந்தது. அப்பா என் பாவாடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டார். பிறகு வாசற்கல்லிலேயே படுத்து, கையை எட்டி, கரணையால் நெம்பி, அடியில் பசை கூட்டி, அந்தக் கல்லை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். எழுந்திருக்க அவரால் முடியவில்லை. நான்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன்.

"மிதிச்சா தரை போச்சு. தரை போனா வேலை போச்சு. நின்னா, நாம உள்ள நிக்கறதைப் பாத்துட்டு அதுக்கும் வேலை போச்சு" என்றார். பிறகு, "அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்லணும்?"

"வலதுன்னா அவங்க என்ன நினைக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா சொல்லிடலாம்ப்பா."

அதனால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எனக்கு வேறென்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் சிரிப்பு வாங்கி வாங்கிக் கற்றது அது ஒன்றுதான். "கண்ணை மூடிக்கப்பா. திசையை மறந்துடு. நீ மட்டும்தான் இருக்கன்னு நினைச்சுக்க. உன் கையிலிருந்து ஆரம்பி." அவர் கண்ணை மூடினார். உடனே திறந்துவிட்டார். "எப்படி மறக்கறது? அது அங்கதானே இருக்கு?" என்றார். சரி, நான் செய்து காட்டுகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே சுற்றினேன். இது என் இடது, இது என் வலது. இன்னொரு சுற்று. இப்போதும் இது இடது, இது வலது. முதல் முறையாக அது எனக்கு எளிதாக வந்தது. என்னோடு கூடவே சுற்றி வந்தது. சுவர்களெல்லாம் என்னைச் சுற்றிக் கழன்றுகொண்டன.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு சுவரும் ஒரு பல்பும் இருந்தன. அது எந்தச் சுவர் என்று எனக்குத் தெரியவில்லை.

பயந்துபோய்த் தேடினேன். எப்போதும் உடம்புக்குள் ஏதோ ஒரு மூலையில் வடக்கு இருக்கும், நாக்கு வாய்க்குள் இருப்பது போல. அது இல்லை. நாங்கள் நிற்பது தெற்குக் கதவு என்று மனப்பாடம் இருந்தது. ஆனால் அது வெறும் பேச்சாக இருந்தது. அதற்கு அப்பால் தெரு எந்தப் பக்கம், எங்கள் வீடு எந்தப் பக்கம், ஒன்றும் கிடைக்கவில்லை. ஜன்னலில்லாத அந்தக் கூடம் அப்போதுதான் எனக்கு மூடிக்கொண்டது. அப்பாவிடம் சொல்லவில்லை.

குடைகிற சத்தம் நின்றது. வடக்குக் கதவின் பிளாஸ்டிக் தாள் விலகியது. சூப்பர்வைசரும் வீட்டுக்காரம்மாவும் வந்து நின்றார்கள்.

"அட, தரை அழகா வந்திருக்கே!" என்ற வீட்டுக்காரம்மா, அந்தக் கோடியில் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார். "ஐயோ, இவங்க யாரு? ஏன் அங்க நிக்கறாங்க?"

சூப்பர்வைசரின் முகம் இறுகியது. "அண்ணே! நான் என்ன சொன்னேன்? வலது பக்கக் கதவுன்னு தெளிவாச் சொன்னேனா இல்லையா?"

நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அப்பாவிடமிருந்து போய்விட்டது. "தெற்கான்னு கேட்டேன் சார். ஆமான்னீங்க. இது தெற்கு."

"ஆரம்பிச்சிட்டாருய்யா!" சூப்பர்வைசர் வீட்டுக்காரம்மாவிடம் திரும்பினார். "இதான் மேடம் இவரோட வியாதி. போன மாசமும் இப்படித்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

"இருங்க, பாத்துடலாம்" என்று வீட்டுக்காரம்மா போனை எடுத்தார். உள்ளங்கையில் படுக்க வைத்தார். அவருக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. "இதுல திசை காட்டும். ம்... அந்தக் கதவு... மேற்குன்னு காட்டுதே."

"கட்டடம் பூரா இரும்புக் கம்பிம்மா. முள்ளை இழுக்கும்" என்றார் அப்பா. "இது தெற்குதான்."

"போன் பொய் சொல்லுது, நீங்க நிஜம் சொல்றீங்க! அப்படித்தானே?" என்றார் சூப்பர்வைசர்.

"தெற்குதான் சார்."

"அண்ணே, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. தரை நல்லா இருக்கு. தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நாளைக்கு வந்து எதிர்வீட்டை ஆரம்பிங்க. இல்ல, தெற்குதான்னு நின்னீங்கன்னா இன்னியோட சரி."

அப்பா என் பக்கம் திரும்பினார். என் தோளில் கைவைத்தார். கெஞ்சலாகக்கூட இல்லை. பசி எடுக்கிறதா என்று கேட்பது போல, அவ்வளவு நம்பிக்கையாகக் கேட்டார்: "நீ சொல்லு பாப்பா. இது எது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்தாலே எனக்குக் குரல் வராது. தெற்கு என்று சொன்னால் வேலை போகும். மேற்கு என்றால் அது பொய். ஆனால் நான் நின்றது அந்த இரண்டுக்கும் நடுவில்கூட இல்லை. மறுபடி உள்ளே தேடினேன். இடது, வலது, முன்னால், பின்னால். வேறொன்றும் இல்லை.

"எனக்குத் தெரியலப்பா."

"தெரியலையா?"

"நிஜமா தெரியல."

அவர் என் முகத்தையே பார்த்தார். வேலைக்காகச் சொல்கிறேனோ என்று தேடியிருப்பார். அப்படி இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"பொண்ணே சொல்லிடுச்சு" என்றார் சூப்பர்வைசர்.

"தப்பா புரிஞ்சுக்கிட்டேன் சார்" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

"அவ்வளவுதாண்ணே. இதுக்கா இவ்வளவு நேரம்?"

அவர் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் பின்னால் இருந்த கதவைத் திறந்துவிட்டார். நான் யாரையும் பார்க்காமல் கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அப்பா பையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் அருகே நின்றிருந்தார்.

கட்டடத்தின் வாசல், அந்தக் கூடத்தின் வடக்குக் கதவுக்கு நேர் கீழே, அதே பக்கம் பார்த்து இருக்கிறது. வெளியே வந்ததும் வெயில் என் இடது கன்னத்தில் விழுந்தது. தெருவின் முடிவில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. போன் சொன்னது சரியென்றால் அது எங்களுக்கு முதுகுப் பக்கம், கட்டடத்துக்கு அப்பால் இருந்திருக்க வேண்டும். நான் நின்றுவிட்டேன். அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அப்பா, அது தெற்குதான். நீ சொன்னதுதான் சரி. வா, அவங்க இன்னும் மேலதான் இருப்பாங்க, கூட்டிட்டு வந்து காட்டலாம்."

"காட்டி?"

நான் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"நாளைக்கு எதிர்வீடு" என்றார். "அதே கூடம். திருப்பிப் போட்டிருக்கும். அந்தாளு மறுபடி எதிர்ல வந்து நின்னுக்கிட்டு இடது வலதும்பான்." பையைக் கீழே வைத்தார். "நீ கொஞ்சம் சூப்பர்வைசர் மாதிரி என் எதிர்ல நில்லு."

"இங்கயா? தெருவுலயா?"

"நில்லுடி."

நடைபாதையில் எதிரும் புதிருமாக நின்றோம். வேலை முடிந்து போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சொல்லு" என்றார்.

"வலது பக்கம் போங்க."

அவர் கால் ஒரு பக்கம் எழுந்தது. பாதியில் நின்றது. அவர் சூரியனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மற்றப் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தார்.

"சரியா?"

"சரிப்பா."

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.